பதில்: "பின்னாடி ரோடு வரும்"னா நம்பலாமா?

அண்ணே, மனைப்பிரிவுச் சுவருக்கு அந்தப் பக்கம் 200 மீட்டர்ல ஸ்கூல், ஆனா சுத்திப்போனா 2 கிலோமீட்டர். "பின்னாடி ரோடு வரும்"ங்கிறார் புரோக்கர், மதுரை ஊமச்சிகுளம் மனையை வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

வாய்ப்பேச்சை விடுங்க. அப்ரூவ்டு வரைபடத்துல உள்ரோடு மனைப்பிரிவோட எல்லை வரைக்கும் போகுதா, கடைசி மனையில முட்டி நிக்குதான்னு பாருங்க. எல்லையைத் தொட்டாலும், ரோட்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரமா எழுதிக் கொடுத்திருக்கணும். அப்புறம் பக்கத்து சர்வே எண்ணோட புலப்படம், அதாவது அந்த நிலத்தோட அளவு வரைபடம், பாருங்க. அதுல வண்டிப்பாதை இருந்தா கொஞ்சம் நம்பலாம். வெறும் பட்டா வயல்னா, அந்த வயல்காரர் பிளாட் போடுற வரைக்கும் ஒண்ணும் நடக்காது.

திருப்பாலையில எங்க தெருவும் முட்டுச்சந்துதான். சுவர்ல யாரோ நாலு செங்கல்லைப் பேத்துவிட, அதுல கால் வச்சு ஏறித்தான் பிள்ளைக டியூஷன் போகுதுக. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதின்னு கோயிலைச் சுத்தி அடுக்கடுக்கா போட்ட மதுரைக்கு இந்தக் கதி!

பாதை இல்லேன்னா விலையை அடிச்சுக் கேளுங்க.