பதினாறு வருடம் புதுசு

அன்புள்ள அண்ணாவுக்கு,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டைத்தான் கேட்கிறேன். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சீனியர் பிடித்துவைத்த பழக்கம். என்னைப் பொறுத்தவரை பாட்டுக்கும் கிதாருக்கும் பில்லி கோர்கன், கிதாருக்கு ஜேம்ஸ் ஈஹா, பேஸ் கிதாருக்கு டார்சி, டிரம்ஸுக்கு ஜிம்மி சேம்பர்லின், இந்த நாலு பேர்தான் பேண்ட். 2000த்தோடு அது முடிந்துவிட்டது. அப்புறம் கோர்கன் யார் யாரையோ சேர்த்துக்கொண்டு அதே பெயரில் கச்சேரி செய்வது ரசிகர்களை ஏமாற்றுவது இல்லையா? நடுவில் வந்துபோன ஜெஃப் ஷ்ரோடர் மாதிரி ஆட்களை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிந்தைய ஆல்பங்களில் ஏதாவது தேறுமா? கோர்கன் மல்யுத்தக் கம்பெனி நடத்துகிறார் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

வேறு சமயமாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கு நாலு வரியில் பதில் போட்டிருப்பேன். போன சித்திரையில் கலவை பக்கம் ஓர் ஊருக்குக் கூத்துப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், கட்டியங்காரன் திரையை விலக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே, “பழைய செட்டு இல்லப்பா இது” என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஓர் அடவு பார்க்கவில்லை, ஒரு பாட்டு கேட்கவில்லை. விடிய விடிய ஆடினார்கள், அவர் விடிய விடியக் குறட்டை விட்டார். அவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை எல்லாம் இப்போது உங்களிடம் கேட்கப்போகிறேன். “கணக்கிலேயே சேர்ப்பதில்லை” என்று நீங்கள் எழுதியதுதான் காரணம்.

ஏமாற்று விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இல்லை, ஏமாற்று இல்லை. பாட்டில் பெரும்பாலானதை எழுதியவர் கோர்கன், பாடியவர் கோர்கன், யார் விலகினாலும் அடுத்த நாள் காலையில் பேண்டைத் தூக்கிச் சுமந்தவரும் அவர்தான். மேடையில் யார் நிற்கப்போகிறார்கள் என்பது டிக்கெட் வாங்குகிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். இதில் எங்கே வந்தது ஏமாற்று?

நீங்கள் சத்தியம் செய்கிற அந்த நாலு பேர் விஷயத்துக்கு வருவோம். 1988இல் சிகாகோவில் கோர்கனும் ஈஹாவும் முதன்முதலாக மேடை ஏறியபோது டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. டிரம் மெஷினை வைத்துச் சமாளித்தார்கள். பிறகு டார்சி, பிறகு சேம்பர்லின். 1993இல் வந்த ‘சயாமீஸ் ட்ரீம்’ ஆல்பத்தை நீங்கள் உயிராக நினைப்பீர்கள், எனக்குத் தெரியும். அதில் கிதாரும் பேஸும் பெரும்பகுதி யார் வாசித்தது? கோர்கன். ஈஹாவும் டார்சியும் இருக்கும்போதே, அவர்களுடைய பகுதிகளையும் சேர்த்துத் தானே வாசித்துப் பதிவு செய்தார். புட்ச் விக் தயாரிப்பு, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ஸ்டுடியோ. சேம்பர்லினைப் போதை மருந்துக் கூட்டாளிகளிடமிருந்து பிரித்து வைப்பதற்காகவும்தான் சிகாகோவை விட்டு அவ்வளவு தூரம் போனார்கள். ஆக, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு நாலு பேரையும் கேட்பதாக நீங்கள் நினைக்கும்போது உங்கள் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டு பேர். ‘மெலன் கோலி’யில்தான் (1995, 28 பாட்டு) மற்ற இருவருக்கும் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைத்தது.

அந்த நாலும் நிலைக்கவில்லை. 1996 ஜூலையில் நியூயார்க்கில், கச்சேரிக்கு முன்பு, சுற்றுப்பயணத்துக்காகக் கீபோர்டு வாசிக்க வந்திருந்த ஜொனாதன் மெல்வாய்ன் ஹெராயின் அதிகமாகி இறந்துபோனார். கூட இருந்த சேம்பர்லினைப் போலீஸ் பிடித்தது, பேண்ட் வெளியே அனுப்பியது. செத்துப்போனவரும் உங்கள் நாலு பேர் பட்டியலில் இல்லாதவர்தான். டிரம்மர் இல்லாமல் பேண்ட் என்ன ஆகும் என்பதற்கு 1998இன் ‘அடோர்’ ஆல்பம் சாட்சி. பல பாட்டில் மெஷின் தாளம், அம்மாவைப் பறிகொடுத்த மகனின் குரல். எனக்குப் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காது. விட்டுவிடுவோம். சேம்பர்லின் திரும்பினார், 1999இல் டார்சி போனார், மெலிசா ஆஃப் டெர் மவுர் பேஸ் வாசிக்க வந்தார். 2000 டிசம்பர் 2ஆம் தேதி சிகாகோவின் மெட்ரோ அரங்கில் நாலு மணி நேரத்துக்கு மேல் வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். உங்கள் கணக்குப்படி பேண்ட் செத்த ராத்திரி அது. அன்றைக்கு மேடையில் டார்சி இல்லை. உங்கள் நாலு பேர் ஆல்பமாகக் கையில் கொடுத்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள், விரல் மிச்சமிருக்கும்.

2005இல் கோர்கன் தன் தனி ஆல்பம் வெளியான நாளிலேயே ‘சிகாகோ டிரிப்யூன்’ பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். என் பேண்ட் எனக்குத் திரும்ப வேண்டும் என்பது சாரம். தனி ஆல்பம் வெளிவரும் நாளிலேயே அதற்குக் குழி தோண்டுகிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திரும்பி வந்தது சேம்பர்லின் மட்டும். 2007இல் ‘ஸைட்கைஸ்ட்’ இரண்டே பேர் செய்த ஆல்பம். ஆனால் மேடைக்கு இரண்டு பேர் போதாது. ஈஹாவின் கிதாரை வாசிக்க ஆள் வேண்டும். வந்தவர்தான் ஜெஃப் ஷ்ரோடர், உங்கள் “நடுவில் வந்துபோன” ஆள்.

இப்போது கணக்குப் போடுங்கள் தம்பி. ஈஹா முதல் தடவை இருந்தது 1988 முதல் 2000 வரை, 12 வருடம். டார்சி 11 வருடம். சேம்பர்லின் வந்தார், போனார், வந்தார், 2009இல் மறுபடியும் போனார். ஷ்ரோடர் இருந்தது 2007 முதல் 2023 வரை. பதினாறு வருடம், ஒரே மூச்சில். சேம்பர்லின் போன இடத்துக்கு 19 வயசுப் பையன் மைக் பைர்ன் வந்தபோது இருந்தார். நிக்கோல் ஃபியோரென்டினோ பேஸுக்கு வந்தபோது இருந்தார். அவர்கள் இரண்டு பேரும் போன பிறகும் இருந்தார். 2014இல் டிரம்ஸுக்கு டாமி லீயைக் கூப்பிட்டு ஓர் ஆல்பம் செய்தார்களே, அப்போதும் இருந்தார். கோர்கனை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தப் பேண்டில் இடைவெளி விடாமல் இவ்வளவு காலம் நின்றவர் வேறு யார்? பதினாறு வருடம் ஓர் இடத்தில் இருந்தவனை வந்துபோனவன் என்றால், நீங்களும் நானும் இந்த வேலூர் ஜில்லாவில் யார்?

என் அம்மா ஊர் திமிரிக்குப் பக்கம். அங்கே திரௌபதியம்மன் கோயில் பாரதத்துக்கு வருஷா வருஷம் ஒரே ஜமாதான் வரும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அந்த ஜமாவில் பெண்வேஷம் கட்டியவர் ஒருவர், திரௌபதியாக நின்றால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். பங்குப் பணத்தில் தகராறு வந்து அவர் விலகிவிட்டார். ஜமாவை நடத்தும் வாத்தியார் செய்யாறு பக்கத்திலிருந்து வேறு ஒருவரைக் கூட்டிவந்தார். முதல் ராத்திரியே அவருக்கு ஊர் ‘புதுசு’ என்று பெயர் வைத்தது. “புதுசு இன்னா பாடுது பாரு” என்பார்கள். அந்தப் பெயர் போகவே இல்லை. நான் டவுசர் போட்டிருந்தபோது அவர் புதுசு. எனக்கு மீசை முளைத்தபோதும் புதுசு. காதோரம் நரைத்து, முகம் வழிக்கும்போது அந்த நரையையும் சேர்த்து வழித்துக்கொண்டு அரிதாரம் பூச உட்காருவார். அப்போதும் புதுசுதான். துகில் ராத்திரி திரௌபதிக்குக் கற்பூரம் ஏற்றுவார்கள். அந்தக் கற்பூரம் அவர் முகத்துக்கு நேராகத்தான் எரிந்தது. விடிந்ததும் டீக்கடையில் அதே ஆட்கள், “இன்னா இருந்தாலும் அவரு மாதிரி வராதுப்பா” என்பார்கள், அவர் காதுபடவே.

ஒரு வருஷம் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து தனியாக வசூல் செய்து, பழையவரைத் துகிலுக்கு மட்டும் அழைத்து வந்தார்கள். வாத்தியாரும் சரி என்றுவிட்டார். அன்று ராத்திரி புதுசுக்கு வேஷமே இல்லை. முகவீணைக்காரருக்குப் பக்கத்தில் வேட்டி சட்டையோடு நின்று பின்பாட்டுப் பாடினார். பழையவர் ஆடிய ஆட்டம் அபாரம், அதில் குறை சொல்ல முடியாது. குரல்தான் உட்கார்ந்துவிட்டிருந்தது. மேலே போகவேண்டிய இடங்களில் அவர் வாயைத் திறந்து கையை விரிப்பார், பின்னாலிருந்து புதுசு எடுத்துக் கொடுப்பார். ஆர்மோனியப் பெட்டிக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுதி சேர்த்தார். கூட்டத்துக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்காது. காலையில் என் மாமா, “குரலு கூட மாறலடா” என்றார். எனக்கு அப்போது அவரோடு சண்டை போடும் வயசு இல்லை.

2018இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஈஹா திரும்பினார், சேம்பர்லின் திரும்பினார். டார்சி வரவில்லை, அதைப் பற்றி இரு தரப்பும் பத்திரிகைகளில் பேசி அசிங்கப்பட்டன. அது நமக்கு வேண்டாம். பெரிய அரங்குகளில் பழைய பாட்டுகளாகவே தொகுத்து ஒரு சுற்றுப்பயணம். பதினொரு வருடமாக ஈஹாவின் பாகத்தைத் தன் விரலில் வைத்திருந்த ஷ்ரோடர் அதே மேடையில் மூன்றாவது கிதாராக நின்றார். நீங்கள் யூட்யூபில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கண் எங்கே இருந்தது? கேமரா ஈஹாவிடம் போனபோதெல்லாம் கைதட்டினீர்களா இல்லையா? கோபித்துக்கொண்டு ஷ்ரோடர் அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இன்னும் ஐந்து வருடம் அந்த மூன்றாவது இடத்தில் நின்று வாசித்துவிட்டு, 2023இல் சண்டை சச்சரவு என்று ஒன்றும் வெளியே வராமல் விலகிக்கொண்டார்.

அடுத்தவர் போட்ட சட்டையை அளவு மாற்றாமல் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் ‘அவர் மாதிரி இல்லை’ என்கிறோம். சரியாகப் பொருந்திவிட்டால் ‘அப்படியே காப்பி’ என்கிறோம். ரசிகனுடைய இந்த அல்பத்தனத்துக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் விசுவாசம். நீங்கள் இருபத்துச் சொச்சம் வயதில் இதைச் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நாலு பேர் கலைந்தபோது நீங்கள் பிறந்தே இருந்திருப்பீர்களோ என்னவோ. பார்க்காத காலத்துக்காகப் பார்த்த மனுஷனை இல்லையென்று சொல்கிறீர்கள். என் மாமாவுக்காவது பழையவரை நேரில் பார்த்த நியாயம் இருந்தது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில், ஆற்காடு பாலம் தாண்டும்போது சேம்பர்லினின் டிரம்ஸ் காதில் ஓடுகிற சுகம் எனக்குத் தெரியாதது இல்லை. அந்தக் காதுதான் எனக்கு வேண்டும். அந்தக் காதால் ஷ்ரோடரையும் கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எந்த ஆல்பம் என்று கேட்டிருந்தீர்கள். ‘ஓஷனியா’, 2012. கோர்கன், ஷ்ரோடர், ஃபியோரென்டினோ, பைர்ன். ‘சயாமீஸ் ட்ரீம்’ வந்தபோது பைர்னுக்கு மூன்று வயது. நாலு பேரும் சேர்ந்து ஒரு பேண்டாக வாசிப்பது காதுக்குத் தெரிகிற ஆல்பம். அந்த வருட சுற்றுப்பயணத்தில் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் பழைய பாட்டுக்குப் போனார்கள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. ஹெட்போனில் கேளுங்கள், பஸ்ஸில் வேண்டாம், இரண்டு கிதாரும் ஒன்றையொன்று விலக்கி வழிவிடுவது எஞ்சின் சத்தத்தில் கேட்காது. ‘அட்டும்’ 33 பாட்டு, பொறுமை இருந்தால் கேளுங்கள். ‘சைர்’ வேண்டாம். 2024இன் ‘அகோரி மோரி மேய்’ (தலைப்பைப் படித்ததும் காசி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை) கோர்கன், ஈஹா, சேம்பர்லின் மூன்றே பேர் வாசித்தது. பழைய முரட்டுக் கிதார் சத்தம் வேண்டுமென்றால் அதில் இருக்கிறது. உங்களுக்கு அது பிடித்துவிடும், அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

ஷ்ரோடர் போன இடத்துக்கு ஆள் வேண்டும் என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றதும் பத்தாயிரம் பேருக்கு மேல் எழுதிப்போட்டார்கள். ஏப்ரலில் கிக்கி வாங் என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடத்துக்கு அவர்தான் புதுசு. அவருக்கும் ஒரு கணக்கு ஆரம்பியுங்கள்.

மல்யுத்தம் உண்மைதான். 2017இல் கோர்கன் நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸை வாங்கினார். சிகாகோவுக்குப் பக்கத்தில் டீக்கடையும் வைத்திருக்கிறார். அவர் காசு, அவர் இஷ்டம். ‘ஓஷனியா’வைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், கேட்காமல் எழுதினால் பதில் போடமாட்டேன்.