ஹெச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கிவிட்டார். விசாரணைக் கடிதம் வந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஹெச்1பி விசாவில் வேலை பார்க்கிறான். நண்பர்களுடன் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பழகியவன், பிறகு கடையில் ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கியிருக்கிறான். சில வாரங்களுக்கு முன் ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அதிகாரிகள் வீட்டுக்கு வந்து அதை எடுத்துச் சென்றார்கள். இப்போது, அவன்மீது விசாரணை நடப்பதாக மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இப்படியொரு சட்டம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நேரில் போய் உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்களா? முன்ஜாமீன் கிடைக்குமா? அல்லது ஊருக்கே வரச் சொல்லிவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இன்று முதல் உங்கள் தம்பி இதைப் பற்றித் தன் வழக்கறிஞரைத் தவிர வேறு யாரிடமும் பேசக் கூடாது. அலுவலக நண்பர்களிடம் மட்டுமல்ல, வாட்ஸ்அப்பில் உங்களிடமும் வேண்டாம். அக்காவிடம் சொன்னதற்கும் நண்பரிடம் சொன்னதற்கும் அமெரிக்கச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உண்டு.

"நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டால்" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் குடும்பங்கள் பலவும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது இந்தியச் சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவு. அமெரிக்காவில் அப்படியில்லை. யாரும் மிரட்டாமல் சொன்ன வார்த்தை அப்படியே சாட்சியமாகும். "பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு" என்ற மிராண்டா எச்சரிக்கையும் காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டுமே கட்டாயம். சொந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேசியது பெரும்பாலும் காவல் ஆகாது. பதற்றத்தில் ஒரு பொய் வந்துவிட்டாலோ, மத்திய அதிகாரியிடம் பொய் சொன்னதற்கே 5 ஆண்டு வரை சிறை விதிக்கும் தனிக் குற்றம் சேர்ந்துகொள்ளும்.

கைப்பேசியில் பயிற்சிக்கூடப் படங்களும் வீடியோக்களும் இருக்கும். பயத்தில் அவற்றை அழித்துவிடத் தோன்றும். அழிக்கவே கூடாது. விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தில் ஆதாரத்தை அழித்தால் 20 ஆண்டு வரை சிறை. மூல வழக்கைவிட அது பெரிது.

இனி சட்டத்துக்கு வருவோம். டெக்சாஸில் 2021 முதல் பொது இடங்களில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லப் பெரும்பாலோருக்கு அனுமதிச்சீட்டே தேவையில்லை என்பதால், எல்லோருக்கும் பொதுவான உரிமை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டத்தின் 922(ஜி) பிரிவு, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் அதில் ஐந்தாம் வகை. மாணவர் விசா, ஹெச்1பி, அவர்களின் குடும்பத்தினருக்கான ஹெச்4 எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டு பெற்றவர்கள் அடங்கமாட்டார்கள். 2022 ஜூனில் வந்த திருத்தத்துக்குப் பின் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்றும் இல்லை. பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுட்டிருந்தாலும் அது கைவசம் வைத்திருந்ததாகவே கொள்ளப்படும்.

ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் அந்த நேரத்தில் கையில் இருந்தால் தடை பொருந்தாது. எனவே வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இதுவாக இருக்கும்: துப்பாக்கி கையில் இருந்த நாட்களில் உங்கள் தம்பியிடம் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்ததா? இருந்தால் வழக்கின் அடித்தளமே ஆடிப்போகும். இல்லாவிட்டால், இப்போது ஓடிப்போய் வாங்குவதில் பயனில்லை.

சட்டம் தெரியாது என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்? 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரெஹைஃப் வழக்கில் அளித்த தீர்ப்பைப் பார்க்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர் ரெஹைஃப். மதிப்பெண் குறைந்ததால் பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. நாட்டில் தங்கும் தகுதி போனது. அதன் பிறகு பயிற்சிக்கூடத்தில் சுட்டதற்காக வழக்கு. துப்பாக்கி கையில் இருந்ததை அறிந்தார் என்று மட்டும் நிரூபித்தால் போதாது, தடை செய்யப்பட்ட வகையில் தாம் இருப்பதையும் அவர் அறிந்திருந்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என நீதிபதிகள் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள். இதைப் படித்துவிட்டு "என் தம்பிக்கும் தெரியாதே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். தெரிந்திருக்க வேண்டியது தன் விசா நிலை. தடைச் சட்டம் அல்ல. தான் ஹெச்1பியில் இருப்பது தெரியாது என்று உங்கள் தம்பியால் சொல்ல முடியாது.

அதனால் அந்த அறியாமை வீண் என்று பொருளல்ல. குற்றமற்றவர் என்று காட்ட அது உதவாது. வழக்கே போட வேண்டாம் என்று அரசு வழக்கறிஞரை இணங்கவைக்கவும், தண்டனையைக் குறைக்கவும் உதவும். கடிதம் வந்து குற்றச்சாட்டு இன்னும் பதிவாகாத இந்த இடைவெளி விலைமதிப்பில்லாதது. முன் குற்றம் எதுவும் இல்லாத, விளையாட்டாகச் சுடப் பழகிய ஒருவர்மேல் வழக்கு தொடராமல் விட அரசு வழக்கறிஞருக்கு முழு அதிகாரம் உண்டு. அந்தப் பேச்சை வழக்கறிஞர்தான் நடத்த வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். தண்டனை வழிகாட்டு விதிகளில், தடை செய்யப்பட்டவர் துப்பாக்கி வைத்திருந்தால், குற்றத்தின் கடுமையைக் குறிக்கும் அடிப்படை நிலை பொதுவாக 14. முன் குற்றம் இல்லாதவருக்கு அது 15 முதல் 21 மாதச் சிறை. முழுக்க முழுக்க விளையாட்டுக்காகவோ சேகரிப்புக்காகவோ வைத்திருந்தார் என்று காட்டினால் நிலை 6க்கு இறங்கும். சிறையே இல்லாமல் கண்காணிப்போடு முடியலாம். அதிகாரி சாதாரணமாக "எதற்கு வாங்கினீர்கள்?" என்று கேட்பார். "ராத்திரி வீட்டுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான்" என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். தற்காப்பு விளையாட்டுக் கணக்கில் வராது. ஒரே வாக்கியம், ஒன்றரை ஆண்டு வித்தியாசம்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். தற்காலிக விசாவில் வந்தவரா, ஆம் என்றால் விலக்குக்கு உட்பட்டவரா என்று அதில் நேரடியாகவே கேட்டிருப்பார்கள். முதல் கேள்விக்கு "இல்லை" என்று குறித்திருந்தால், துப்பாக்கி வாங்கப் பொய்த் தகவல் தந்ததாக இன்னொரு குற்றம் சேரும். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாரா, கடைக்காரர் ஏதேனும் சொல்லி நிரப்பவைத்தாரா என்பதெல்லாம் இங்கே பெரிதும் முக்கியம், ஏனெனில் தெரிந்தே பொய் சொன்னதை அரசு நிரூபித்தாக வேண்டும். இதற்கும் பதில் வழக்கறிஞரிடம் மட்டும்.

என்னை உண்மையிலேயே கவலைகொள்ள வைப்பது சிறை அல்ல, நாடுகடத்தல். 922(ஜி)(5)இன் கீழ்த் தண்டனை பெற்றால், குடியேற்றச் சட்டத்தில் அது "கடுங்குற்றம்" என்ற பட்டியலில் சேரும். ஒரு நாள்கூட சிறைக்குப் போகாவிட்டாலும் வெளியேற்றத்தைத் தடுக்கும் வழிகள் ஏறத்தாழ எல்லாம் மூடிவிடும். திரும்பி வருவதும் மிகக் கடினம். படிவத்தில் பொய் சொன்ன குற்றப்பிரிவு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை; ஆனால் துப்பாக்கி தொடர்பான எந்தத் தண்டனையும் நாடுகடத்தலுக்கு வழிவகுக்கக்கூடியதே. ஆகவே "குறைந்த தண்டனை வாங்கித் தருகிறேன், ஒப்புக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில், எந்த வாசகத்தில் என்று கேட்க வேண்டும். மத்திய நீதிமன்ற வழக்குகளில் மிகப் பெரும்பான்மை குற்ற ஒப்புதலில்தான் முடிகின்றன என்பதால் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. ஒப்புதலின் குடியேற்ற விளைவைச் சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் பதில்லா வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

முன்ஜாமீன் என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. கைது செய்ய வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் சம்மன் அனுப்பும்படி வழக்கறிஞர் முன்கூட்டியே பேசிவைக்கலாம், பலமுறை இணங்குவார்கள்.

ஊருக்கு வரச் சொல்வதைத் தயவுசெய்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வந்த பிறகு குற்றச்சாட்டு பதிவானால் பிடியாணை நிலுவையில் நிற்கும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1997இல் கையெழுத்தான குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தமும் இருக்கிறது. போனவர் தப்பி ஓடினார் என்று எழுதவும் இடம் கொடுத்துவிடுவோம்.

வழக்கறிஞரைப் பொறுத்தவரை, விசா வேலை செய்பவரோ மாநில நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்கு நடத்துபவரோ போதாது. மத்திய நீதிமன்றக் குற்றவியல் வழக்குகளில் பழகியவர் வேண்டும். அவரோடு சேர்ந்து யோசிக்க ஒரு குடியேற்ற வழக்கறிஞரும் வேண்டும். கட்டணம் தாங்காது என்றால், அந்த மாவட்டத்தின் ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தை இப்போதே அணுகிக் கேட்கலாம். அரசு கொடுக்கும் வக்கீல் என்று குறைத்து எண்ண வேண்டாம். துப்பாக்கி வழக்குகளை அன்றாடம் நடத்துபவர்கள் அவர்கள். கடிதத்தில் பதில் தரக் கடைசி நாள் குறிக்கப்பட்டிருந்தால், அந்த நாளுக்கு முன் வழக்கறிஞரின் பெயரில் பதில் போய்ச் சேர வேண்டும். போகும்போது கடிதம், வாங்கிய ரசீது, பயிற்சிக்கூட உறுப்பினர் அட்டை, துப்பாக்கியை எடுத்துச் சென்றபோது அதிகாரிகள் கொடுத்த சீட்டு, பாஸ்போர்ட், விசா, ஐ-94 என்ற நுழைவுப் பதிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.