கரட்டிலும் இட்டேரியிலும் ஓடுவதற்கு எந்த ஷூவை வாங்குவது?

கோவையில் வசிப்பதாகவும், வாரத்துக்கு 3 நாள் தார்ச்சாலையில் 10 கிலோமீட்டர் ஓடுவதாகவும், இனி மண்பாதைகளிலும் கரடுகளிலும் (சிறு பாறைக் குன்றுகளிலும்) ஓட விரும்புவதாகவும் எழுதி, அதற்குத் தனியாக டிரெயில் ஷூ வாங்கியே ஆக வேண்டுமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதிக்கு விடை எளிது. உலர்ந்த மண்பாதையில் ஓடிப் பழகும் முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்கு, தற்போது நீங்கள் அணியும் சாலை ஷூவே போதும். வாரத்தில் ஒரு நாளாவது சரளைக்கற்கள் நிறைந்த சரிவில் இறங்குபவராக நீங்கள் மாறிய பிறகு தனி ஷூவைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்பே வாங்கினால் எந்த நிலத்துக்கு வாங்குகிறோம் என்று தெரியாமலேயே வாங்குவோம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

நான் பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, சேற்றைச் சிதறடித்துக்கொண்டு ஒருவர் மலையேறும் படத்தைப் பார்த்து மயங்கி, அடிப்பாகத்தில் நீண்ட பட்டன்களும் மேலே நீர்புகாத் துணியும் கொண்ட விலையுயர்ந்த ஷூ ஒன்றை வாங்கினேன். (ஷூவின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் பற்களை, டயருக்குச் சொல்வதைப் போலப் பட்டன் என்றே குறிப்பிடுகிறேன்.) அதைத் திருப்பிப் பார்த்த என் அப்புச்சி (அம்மாவின் அப்பா), "ஏஞ்சாமி, ட்ராக்டர் டயர மாட்டிக்கிட்டுக் கட்டாந்தரையில ஓடுனா பட்டன் தேஞ்சு போயிருமல்லோ?" என்று கேட்டார். மூன்றே மாதங்களில் குதிகாலின் வெளி ஓரத்தில் இருந்த பட்டன்கள் மழுங்கிவிட்டன. அந்தக் கேள்வியை ஷூ வாங்கும் ஒவ்வொருவரும் கடையில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஏனென்றால் கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் நம் காலுக்கடியில் இருப்பது இறுகிய செம்மண், அதன்மேல் சோளம் இறைத்தாற்போல் உருளும் சரளை, இடையிடையே கூர்முனையோடு நிற்கும் வெங்கச்சங்கல் (வெண்ணிறப் படிகக்கல்), கரட்டின் மேலே வெறும் பாறை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி ஓட முடியாது. வெள்ளியங்கிரி மலையும் ஆண்டில் சில மாதங்கள்தான் திறந்திருக்கும். ஆகவே நம்மில் பெரும்பாலோர் உண்மையில் ஓடுவது வாய்க்கால் கரைகளிலும், இரண்டு வேலிகளுக்கு நடுவே செல்லும் இட்டேரிகளிலும், ஊர்ப்புறக் கரடுகளிலும்தான். பட்டன் 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீண்டு, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் ஷூக்கள் இங்கிலாந்தின் சதுப்பான மேய்ச்சல் குன்றுகளைப் போன்ற ஈரநிலத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. மெத்தென்ற மண்ணில் அந்தப் பட்டன் முழுவதும் புதைந்து பிடித்துக்கொள்ளும். இறுகிய தரையில் புதைய இடமின்றி அதன் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால், பிடிமானம் குறைந்து, பட்டன் வளைந்து, விரைவில் தேயும். நமக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர், மிஞ்சினால் 5 மில்லிமீட்டர் போதும். பட்டன்கள் அகலமாகவும் நெருக்கமாகவும் இருக்கட்டும். முன்பாதத்துப் பட்டன்களும் குதிகால் பட்டன்களும் எதிரெதிர்த் திசையை நோக்கி அமைந்திருந்தால் ஏறும்போது முன்புறமும், இறங்கும்போது பின்புறமும் தரையைப் பற்றும்.

கரிசல் மண் மட்டும் இதற்கு விலக்கு. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் ஓடினால் காலுக்கு இரண்டு கிலோ மண் ஒட்டிக்கொள்ளும். அதற்கு எந்தப் பட்டனும் விடையாகாது. அன்று தார்ச்சாலையில் ஓடுங்கள்.

பட்டனின் நீளத்தைப் பார்க்கும் பலர் ரப்பரின் தன்மையைப் பார்ப்பதில்லை. மென்மையான ரப்பர் ஈரப்பாறையில் நன்றாக ஒட்டும்; ஆனால் சரளையில் விரைவாகத் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆனால் மழைக்குப் பிறகு பாசி படர்ந்த பாறையில் வழுக்கிவிடும். சில ஷூக்களின் அடியில் மஞ்சள் நிற எண்கோண முத்திரையோடு விப்ரம் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1935-இல் ஆல்ப்ஸ் மலையேற்றம் ஒன்றில் தோழர்கள் அறுவரைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, அதன் பின்னர் 1937-இல் மலைக்கென்றே ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். அவர் பெயரின் சுருக்கமே அந்தப் பெயர். அந்நிறுவனம் பல வகை ரப்பர்களைச் செய்கிறது என்பதால் முத்திரையை மட்டும் நம்பாமல் எந்த வகை என்றும் கேட்க வேண்டும். ஈரப்பாறைக்கான அதன் மென்ரப்பர் மெகாகிரிப் எனப்படும். ஏற்காடு, வால்பாறை என்று அடிக்கடி போகிறவருக்கு அது பயன்படும். வாய்க்கால் கரையில் மட்டும் ஓடுகிறவர் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

அடுத்து முள். வெளிநாட்டு விமர்சனங்களில் இதைப் பற்றி எதுவும் இருக்காது. நமக்கோ இதுதான் தலையாய சிக்கல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில்) கிளுவை வேலியும் வெள்வேல மரமும் இல்லாத இடமே கிடையாது. ஆளில்லாத புறம்போக்கெல்லாம் சீமைக்கருவேலம். இந்த முட்கள் நேராக, நீளமாக, இரும்புபோல் இருக்கும். பல டிரெயில் ஷூக்களில் முன்பாதத்துக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். அது கூர்ங்கல்லின் குத்தலைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டதாயினும், முள்ளையும் பெருமளவு தடுத்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் நடுப்பாதத்தோடு நின்றுவிடும் என்பதையும், பட்டன்களுக்கு இடையே ரப்பரே இல்லாமல் வெறும் நுரை தெரியும் ஷூவில் முள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கடையில் ஷூவைத் திருப்பி, அடிப்பாகம் முழுவதையும் ரப்பர் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியில் நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓடிவிட்டு வந்ததும் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்து முறிந்த முட்களைக் குறடால் பிடுங்கிவிட வேண்டும். அப்படியே விட்டால் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி, பத்து நாள் கழித்து, நாம் மறந்திருக்கும் நேரத்தில் பாதத்தைத் தொடும்.

நெருஞ்சி அவ்வளவு ஆழம் இறங்காது. கொழுக்கட்டைப் புல்லின் விதைகள் வேறு வகைத் தொல்லை: அவை வலைத்துணியிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு கணுக்காலைச் சுரண்டிக்கொண்டே வரும். மேல்துணி நெருக்கமாக நெய்யப்பட்டதாகவும், ஷூவின் நாக்கு இருபுறமும் உடலோடு சேர்த்துத் தைக்கப்பட்டதாகவும் இருந்தால் புழுதியும் விதையும் உள்ளே புகுவது பெரிதும் குறையும். விரல்முனையில் கெட்டியான ரப்பர்க் காப்பும் இருக்க வேண்டும். வெங்கச்சங்கல்லில் ஒருமுறை விரலை இடித்துக்கொண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீர்புகாத் துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வெளியிலிருந்து நீரைத் தடுக்கும் படலம் உள்ளிருக்கும் வியர்வையையும் வெப்பத்தையும் விரைவாக வெளியேற விடுவதில்லை. பங்குனி வெயிலில் காலை எட்டு மணிக்கே பாதம் வெந்துவிடும். வாய்க்காலில் கால் தவறிக் கணுக்காலுக்கு மேல் நனைந்துவிட்டாலோ, மேல்வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சாதாரண வலைத்துணி ஷூ அரை மணி நேர ஓட்டத்தில் பெரும்பாலான நீரைப் பிழிந்து தள்ளிவிடும். காலுறையும் அப்படியே. திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பருத்தியைக் குறை சொல்வது சொந்த வீட்டைக் குறை சொல்வது போன்றதுதான். என்றாலும் பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளத்தை உண்டாக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டர் கலந்த மெல்லிய காலுறையே நல்லது. அதுவும் திருப்பூரிலேயே கிடைக்கிறது.

அளவுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் பெரும்பாலோர் கோட்டை விடுவதும் இங்கேதான். பாதம் மாலையில் வீங்கியிருக்கும். ஓடும்போது இன்னும் வீங்கும். ஆகவே மாலையில், ஓடும்போது அணியும் காலுறையோடு கடைக்குப் போங்கள். முந்தைய நாள் வீட்டில் ஒரு தாளின்மேல் எழுந்து நின்று, இரண்டு பாதங்களையும் தனித்தனியே வரைந்து, நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருப்பது அரிது, நீளமான பாதமே கணக்கு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர், இடம் வேண்டும். சாலை ஷூவில் இதைவிடக் குறைவாக இருந்தாலும் தப்பித்துவிடலாம். கரட்டிலிருந்து இறங்கும்போது பாதம் முழு எடையோடு முன்னால் தள்ளப்படுவதால் விரல்நகம் ஷூவின் முனையில் மோதி, இரத்தம் கட்டிக் கறுத்துவிடும். நான் மேலே சொன்ன ஷூவில் இரண்டு பெருவிரல் நகங்களையும் இழந்தேன். கடையில் படிக்கட்டு இருந்தால் வேகமாக இறங்கிப் பாருங்கள். இல்லையென்றால் விரல்முனையைத் தரையில் தட்டிப் பாருங்கள். விரல் முட்டினால் அரை எண் கூட்டிக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் 8 மற்றொரு நிறுவனத்தின் 8-க்குச் சமமாக இருக்கும் என்று எண்ணி இணையத்தில் வாங்குவதாயின், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அகலமும் அவ்வாறே. சென்னிமலை முருகன் கோயிலின் 1,320 படிகளை வெறுங்காலோடு ஏறும்போது என் விரல்கள் எவ்வளவு விரிந்து கல்லைப் பற்றுகின்றன என்பதை ஒருநாள் தற்செயலாகக் கவனித்தேன். அதே விரல்களை நான் கூம்பிய முனையுள்ள ஷூவுக்குள் திணித்து வந்தது அப்போதுதான் உறைத்தது. சிறுவயதில் செருப்பில்லாமல் திரிந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகன்றிருக்கும். விரல் பகுதி அகன்ற ஷூவைத் தேடுங்கள். குதிகால் மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் எழும்பினால் அந்த ஷூ உங்களுக்கானதன்று. சிறிதளவே எழும்பினால், கடைசித் துளையில் சிறு வளையம் விட்டு அதனுள் எதிர்ப்பக்கக் கயிற்றை நுழைத்து இறுக்கும் கட்டு பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

டிராப் என்பது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் கீழுள்ள உயர வேறுபாடு. சாலை ஷூக்களில் இது 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். டிரெயில் ஷூக்களில் 0 முதல் 8 வரை மாறும். ஆல்ட்ரா நிறுவனம் சுழி டிராப்பையே தன் அடையாளமாகக் கொண்டது. நீங்கள் 10-லிருந்து ஒரே நாளில் சுழிக்கு மாறினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதன் சுமையைச் சுமக்கும். 4 முதல் 8 வரையுள்ள ஒன்றில் தொடங்குவதே பாதுகாப்பு. ஹோகா போன்ற நிறுவனங்களால் பரவிய தடித்த மெத்தையைப் பொறுத்தவரை எனக்கு இரு மனம். நீண்ட தூரத்தில் அது பாதத்தின் களைப்பைக் குறைப்பது உண்மை. ஆனால் பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு எளிதாகச் சரளையில் கணுக்கால் மடங்கும். 10 கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்கு நடுத்தரத் தடிமனே போதும் என்று நினைக்கிறேன்.

தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்குமுன் பெட்டியின் விலைச்சீட்டில் அச்சிட்டிருக்கும் உற்பத்தி அல்லது இறக்குமதி மாதத்தைப் படியுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த ஷூவில் பசை விட்டுப்போகும், நுரை இறுகிப்போகும். வாங்கிய பிறகும், நனைந்த ஷூவை வெயிலில் காய வைக்காதீர்கள், காருக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் ஓர் இரவில் காய்ந்துவிடும். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடி தாங்கும் என்பார்கள். நம் சரளையில் நான் 600-ஐத் தாண்டியதில்லை. பக்கத்துணி கிழிந்தால் செருப்புத் தைப்பவரிடம் நைலான் நூலில் தையல் போட்டுக்கொள்ளலாம்; பட்டன் தேய்ந்தால் அதற்கு மாற்று இல்லை.

தற்போது நான் அணிவது 4 மில்லிமீட்டர் பட்டனும், 6 மில்லிமீட்டர் டிராப்பும், முன்பாதத் தகடும், அகன்ற விரல் பகுதியும் உள்ள, நீர்புகாத் தன்மை அற்ற ஒரு நடுத்தர விலை ஷூ. அந்தப் பழைய ட்ராக்டர் டயர் ஷூவை அப்புச்சி வாங்கிக்கொண்டார். அவருக்கு என்னைவிடப் பாதம் சிறிது என்பதால் விரல் முட்டவில்லை. அதிகாலைப் பனியில் நனைந்த புல்வரப்பில் எருமைக்குத் தீவனம் அறுக்கப் போகும்போது மாட்டிக்கொண்டு போகிறார். கால் நனையவே இல்லை என்கிறார்.