கேளுங்க அக்கா: ஃபைல் ஷேர் பண்ண 777 போடலாமா?

கேள்வி: அக்கா, பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்கேன், மாஸ்டர்ஸ் பண்றேன். கிளஸ்டர்ல (பல பேரு சேந்து பயன்படுத்தற லினக்ஸ் கம்ப்யூட்டர்கள்) என் ஹோம்ல, அதாவது என் சொந்த ஃபோல்டர்ல, இருக்கற டேட்டாவ கோலாலம்பூர்ல இருக்கற தோழி படிக்கணும், அவளுக்கும் அதுல அக்கவுண்ட் இருக்கு. ஃபைலுக்கு எல்லாருக்கும் ரீட் குடுத்தும் 'பெர்மிஷன் டினைட்'னுதான் வருது. சீனியர் அண்ணன் மொத்தமா 777 போட்டுருங்கறாரு. போடலாமா?

பதில்: வேணாம்மா தங்கச்சி. 777ன்னா அங்க அக்கவுண்ட் வச்சிருக்கற யாரு வேணாலும் உன் டேட்டாவ படிக்கலாம், மாத்தலாம், அழிக்கலாம். ஹோமுக்கே போட்டா இன்னொரு வம்பும் இருக்கு, நீ பாஸ்வேர்டுக்கு பதிலா எஸ்எஸ்எச் கீங்கற சாவி ஃபைல் வச்சு லாகின் பண்றவளா இருந்தா, மத்தவங்க எழுதற மாதிரி ஹோம் தொறந்து கெடக்குறத பாத்து சர்வர் பொதுவா அந்த கீய ஏத்துக்காது.

உன் பிரச்சன ஃபைல்ல இல்ல, அதுக்கு மேல இருக்கற ஃபோல்டர்ல. நெறைய எடத்துல ஹோம் 700லதான் இருக்கும், அதாவது உனக்கு மட்டும்தான் உரிம. பாதையில வர்ற ஒவ்வொரு ஃபோல்டர்லயும் அவளுக்கு எக்ஸ் (x, உள்ள நுழையற உரிம) வேணும், இல்லன்னா ரூம் கதவ தொறந்து வச்சிட்டு கொண்டோ கேட்ட பூட்டுன கததான். 'நேம்ஐ மைனஸ் எல்' (namei -l) கமாண்ட் போட்டு முழு பாதையும் குடு, எந்தப் படியில அடைச்சிருக்குன்னு வரிசையா காட்டிரும்.

ஒருத்திக்கு மட்டும்னா ஏசிஎல் போதும், அது ஆளு பேரு போட்டு தனியா உரிம குடுக்கற லிஸ்ட். 'செட்எஃப்ஏசிஎல்' (setfacl) வச்சு ஹோம்லயும் நடுவுல வர்ற ஃபோல்டர்லயும் அவ பேருக்கு வெறும் எக்ஸ், டேட்டா ஃபோல்டர்ல மட்டும் உள்ள இருக்கற எல்லாத்துக்கும் சேத்து ஆர் (r, படிக்கற உரிம), பெரிய எக்ஸ் (X). பெரிய எக்ஸ் போட்டா சும்மா இருக்கற டேட்டா ஃபைலுக்கெல்லாம் ரன் பண்ற உரிம கெடைக்காது. இதுக்கப்புறம் யாரோ சொன்னாங்கன்னு ஹோமுக்கு திரும்ப 700 போட்டுறாத, மாஸ்க் (லிஸ்ட்ல குடுத்த உரிமைக்கெல்லாம் உச்ச வரம்பு) காலியாகி அவ பேரு லிஸ்ட்ல இருந்தும் உள்ள போக முடியாது, 'கெட்எஃப்ஏசிஎல்' (getfacl) போட்டா அது நல்லா தெரியும். 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்'னு வந்தா அந்த டிஸ்க்குல இந்த ஏசிஎல் இல்லன்னு அர்த்தம், அட்மின்கிட்ட கேளு.

டீமே சேந்து வேல செய்யறதா இருந்தா ஹோம விட்டுரு, அட்மின்கிட்ட ஒரு குரூப்பும் பிராஜெக்ட் ஃபோல்டரும் கேளு. ஃபோல்டருக்கு 2770 (உரிமையாளருக்கும் குரூப்புக்கும் எல்லா உரிமையும், வெளியாளுக்கு எதுவும் இல்ல), எல்லாரோட யூமாஸ்க்கும் (புது ஃபைல்ல எந்த உரிமய எடுக்கணும்னு சொல்ற செட்டிங்) 007. முன்னாடி வர்ற அந்த 2னாலதான் உள்ள புதுசா உருவாகற ஃபைலெல்லாம் தானா குரூப் பேருல விழும். ஆனா அதே டிஸ்க்குல இருந்து 'எம்வி' (mv, நகத்தறது) பண்ணி கொண்டு வந்தா பழைய குரூப்போடயே வந்து ஒக்காந்துக்கும், அதனால 'சிபி' (cp, காப்பி) போட்டு கொண்டு வாங்க.