இறங்கி நின்றதும் சரியாகிறதா?

"டாக்டர், எனக்கு வயது 46. அருவங்காட்டில் வீடு, ஊட்டியில் வேலை. போன மாதம் பஸ்ஸை விட்டுவிட்டு கியர் சைக்கிளுக்கு மாறினேன், 12 கிலோமீட்டர் இருக்கும். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே போவது மனதுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. ஆனால் முட்டி வலிக்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது, கை வாட்ச் துடிப்பு 155 என்று காட்டுகிறது. இந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, சைக்கிள் ஓட்டினால் இதயம் வீங்கிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்தே ஆண்மை போய்விடும் என்கிறார்கள். காலையில் எல்லநள்ளி ஏற்றத்தில் மட்டும் வாயு நெஞ்சை அடைக்கும், இறங்கி நின்று ஏப்பம் விட்டால் சரியாகிவிடும். அதற்கு தினமும் வெறும் வயிற்றில் பான்டாப்ரசோல் போடுகிறேன். அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனார். சைக்கிளைத் தொடரலாமா?"

நாளைக் காலை சைக்கிளை எடுக்காதீர்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் என்னைப் பயமுறுத்துவது அந்த "வாயு" ஒன்றுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாயு என்றால் அது எல்லநள்ளி ஏற்றத்துக்காகக் காத்திருக்குமா? கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்ட அன்று வரவேண்டும், ராத்திரி பரோட்டா தின்றுவிட்டுப் படுத்தால் வரவேண்டும். உங்களுக்கு வருவது காலைக் குளிரில், மேடு ஏறும்போது மட்டும். சாயங்காலம் அதே ரோட்டில் இறங்கி வரும்போது வருவதாக நீங்கள் எழுதவில்லை, வந்திருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். இறங்கி நின்றால் நாலைந்து நிமிடத்தில் போய்விடுகிறது. ஏப்பம் விட்டதால் போனது என்று நினைக்கிறீர்கள். ஏப்பம் விடுவதற்காக நின்றீர்களே, அந்த நின்றதில்தான் போனது. பான்டாப்ரசோலுக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. அது வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை. ரோட்டோரம் நிற்கும் நாலு நிமிடத்தில் நெஞ்சு இறுக்கத்தை விடுவிக்கும் வேலை அதற்குத் தெரியாது. மாத்திரை போட்டும் தினமும் ஏற்றத்தில் வருகிறதே, அதிலேயே தெரியவில்லையா அது கேட்கவில்லை என்று?

இதயமும் ஒரு தசைதான், அதற்கும் ரத்தம் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் போதும், மேடு ஏறும்போது மூன்று நான்கு மடங்கு கேட்கும். அந்த ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயில் கொழுப்பு படிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தால், வீட்டில் நடமாடும்போது ஒன்றும் தெரியாது, மேட்டில் தெரியும். குளிர் ரத்தக்குழாய்களை இன்னும் சுருக்கும். காலை டிபன் சாப்பிட்ட கையோடு மிதித்தால் வயிறும் தன் பங்கு ரத்தத்தைக் கேட்கும். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலைகளில் இந்த மாதிரி நோயாளிகள் எங்களிடம் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். ஆஞ்சைனா என்று இதற்குப் பெயர். உங்களுக்கு அதுதான் என்று நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் 46 வயதில், அப்பாவுக்கு 51ல் மாரடைப்பு வந்த குடும்பத்தில், அது இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை அதுதான் என்று வைத்துக்கொண்டு நடப்பதே புத்திசாலித்தனம்.

தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்த்த ஒருவரை எனக்கு மறக்கவே முடியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். ஒரு விரலை நீட்டி இங்கே என்று காட்டவில்லை. வலது கையை முஷ்டியாக மூடி நடு நெஞ்சில் வைத்து அப்படியே அழுத்தினார், "இப்படி இறுக்குதுங்க டாக்டர், சரிவு ஏறும்போது மட்டும்" என்றார். இரண்டு மாதமாக ஓமத் தண்ணீர், சோடா, சீரகம். கடைசியாக அவர் வந்தபோது சரிவு ஏறாமலே, படுக்கையிலேயே இறுக்க ஆரம்பித்திருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தில் ஒரு பகுதித் தசையை இழந்துவிட்டார். இப்போது தோட்டத்தின் மேல் கோடிக்கு அவரால் ஏற முடியாது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏறியிருப்பார். நீங்கள் ஒரு மாதத்திலேயே எழுதிவிட்டீர்கள், அது பெரிய விஷயம்.

நாளை போனதும் முதலில் ஈசிஜி எடுப்பார்கள். அது நார்மல் என்று வந்தால் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். படுத்துக்கொண்டு எடுக்கும் ஈசிஜி, படுத்திருக்கும் இதயத்தைத்தான் காட்டும். "எனக்கு மேடு ஏறும்போது மட்டும் வருகிறது, நின்றால் போகிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள், வாயு என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள், எடுத்தால் பேச்சு வயிற்றுப் பக்கம் போய்விடும். டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் டிஎம்டி பரிசோதனையில், மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள், ஆஸ்பத்திரி அறைக்குள்ளேயே எல்லநள்ளி ஏற்றத்தைக் கொண்டுவருவது மாதிரி. உங்களுக்கு அதைச் செய்யலாமா, முதலில் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவா, நேராக ரத்தக்குழாய் அடைப்பைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். கூடவே சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிபி.

அதற்கு முன்பே உட்கார்ந்திருக்கும்போதோ ராத்திரி தூக்கத்திலோ இறுக்கம் வந்தால், பத்து நிமிடம் தாண்டியும் நின்றால், வியர்த்துக் கொட்டினால், தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், நாளை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? 108ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, இந்த வளைவுகளில் கூடவே கூடாது. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். 2023ல் அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டை வாங்கி நாக்கடியில் வைக்காதீர்கள், பிபி சட்டென்று இறங்கி மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்டர்நெட்டில் படித்துவிட்டு தினமும் ஆஸ்பிரின் போட ஆரம்பிப்பதும் வேண்டாம்.

சரி, மற்றவை. முட்டி வலிக்குக் காரணம் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பது, பெடல் கீழே வரும்போது கால் கிட்டத்தட்ட நீளவேண்டும், மேட்டில் லேசான கியருக்கு மாறவேண்டும். சுண்டுவிரல் மரப்பது கைப்பிடியை இறுக்கிப் பிடித்து உள்ளங்கை நரம்பை அழுத்துவதால், அடிக்கடி பிடியை மாற்றினால் போகும். ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது, அடியில் மரத்துப்போனால் சீட்டை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

ஆக்சிஜன் கதையை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீடியோவை எனக்கும் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, அதனால் மூச்சு சீக்கிரம் வாங்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் இங்கேயே வாழ்கிறவர், உடம்பு பழகிவிட்டது. இந்த உயரத்தில் சைக்கிள் மிதித்து இதயம் வீங்குவதெல்லாம் கட்டுக்கதை. துடிப்பு 155 என்பதும் உங்கள் வயதில், மேட்டில், அது மட்டும் என்றால் நான் கண்டுகொள்ளவே மாட்டேன். எண்ணைப் பார்த்துப் பயந்தீர்கள், நெஞ்சு சொன்னதை வாயு என்று தள்ளிவிட்டீர்கள், அதில்தான் எனக்கு வருத்தம்.

தொடரலாமா என்று கேட்டதற்குப் பதில், ரிப்போர்ட் வந்தபின். அடைப்பு இல்லை என்றால் அடுத்த வாரமே ஏறலாம். அடைப்பு இருந்து மருந்து கொடுத்தாலும், குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைத்தாலும், சில வாரங்கள் கழித்து மெல்ல மெல்லத் தொடங்கி மறுபடி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுவரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேத்தியைப் பாருங்கள்.

வீட்டில் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள், நாளை தனியாகப் போகாதீர்கள். அப்பாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு அம்மாவிடம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.