ரசீதுக்குச் சண்டை போடுமுன்: வரிக் கேள்வி-பதில்

கேள்வி: மடிப்பாக்கத்தில் மாதம் 18,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறேன். சென்னையிலேயே தனியார் கம்பெனி வேலை. சம்பளம் 80,000. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 40,000, ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) 16,000. நண்பர் சொன்னார் என்று பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 2025-26 நிதியாண்டுக்கான வாடகை ரசீதையும் வீட்டு ஓனரின் பான் நம்பரையும் ஆபீஸில் கேட்கிறார்கள். ஓனரோ, "பான் எல்லாம் தர முடியாது, வேண்டுமானால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஓனர் வீட்டுப் படியை மறுபடி ஏறாதீர்கள். முதலில் ஒரு காகிதத்தில் கணக்கைப் போடுவோம்.

ஹெச்.ஆர்.ஏ.வில் வரிவிலக்கு என்பது மூன்று தொகைகளில் எது குறைவோ அது. ஒன்று, கையில் வந்த ஹெச்.ஆர்.ஏ.: வருஷத்துக்கு 1,92,000. இரண்டு, கொடுத்த வாடகையில் பேசிக்கின் 10 சதவீதத்தைக் கழித்தது: 2,16,000-இல் 48,000 போனால் 1,68,000. மூன்று, சென்னை என்பதால் பேசிக்கில் பாதி: 2,40,000. ஆக, உங்களுக்குக் கிடைப்பது 1,68,000. (அகவிலைப்படி உள்ளவர்கள், அது ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் வருமானால் பேசிக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

இப்போது பழைய முறையில் முழுக் கணக்கு. ஆண்டுச் சம்பளம் 9,60,000. ஹெச்.ஆர்.ஏ. 1,68,000, நிலையான கழிவு 50,000, 80சி-யில் (எல்.ஐ.சி., பி.எஃப். போன்ற சேமிப்புக்கான கழிவு) முழு 1,50,000 எல்லாம் கழித்தாலும் 5,92,000 மிஞ்சும். அதற்கு வரி, செஸ்ஸோடு (வரியின் மேல் வரி) 32,000 ரூபாய் பக்கம் வரும். ஓனர் மனம் இரங்கி, பான் கார்டை ஃபிரேம் போட்டுக் கொடுத்தாலும் இதுதான் நிலை.

புதிய முறையில்? 9,60,000-இல் நிலையான கழிவு 75,000 போனால் 8,85,000. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ரசீது, பான், எல்.ஐ.சி. ரசீது எதுவும் வேண்டாம். நண்பர் சொன்னது சில வருஷங்களுக்கு முன்பு சரியாக இருந்திருக்கலாம்.

ஆபீஸில் பழைய முறைப்படி ஏற்கெனவே வரி பிடித்துவிட்டார்களே என்று பதற வேண்டாம். உங்களைப் போலச் சம்பளம் மட்டுமே வாங்குகிறவர்கள் ரிட்டர்ன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். பிடித்த பணம் ரீஃபண்டாக வந்துவிடும்.

நிஜமாகவே பழைய முறைதான் லாபம் என்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஆபீஸுக்கு ஓனரின் பான் கொடுத்தே ஆக வேண்டும். பானே இல்லாத ஓனர் என்றால், அப்படி எழுதிக் கையெழுத்திட்டு, பெயர், முகவரியோடு தர வேண்டும். வைத்துக்கொண்டே தர மறுத்தால் ஆபீஸ் வரியைப் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் ரிட்டர்னில் விலக்கைக் கோரலாம். வங்கி வழியே வாடகை போனதற்கான ஸ்டேட்மென்டும் ஒப்பந்தமும் பத்திரமாக இருக்கட்டும். அட்வான்ஸ், மெயின்டெனன்ஸ், கரன்ட் பில் எதையும் வாடகையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: அப்பா பெயரில் உள்ள வீட்டின் மாடியில்தான் நாங்கள் இருக்கிறோம். அவருக்கு மாதம் 20,000 வாடகை கொடுப்பதாகக் காட்டலாமா? எனக்குப் பழைய முறைதான் லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு பென்ஷன் 35,000 வருகிறது.
- ஒரு வாசகி, கோவை

பதில்: "கொடுப்பதாகக் காட்டலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டக் கூடாது, கொடுக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒருவர் பிப்ரவரி மாதமே 12 ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஏப்ரலிலிருந்து இன்னும் பிறக்காத மார்ச் வரை ஒரே பேனா, ஒரே மை. ரெவின்யூ ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கினால் கிழித்த ஓரம் ஒன்றோடொன்று பொருந்தியது. பாஸ்புக்கைப் புரட்டினால் அப்பாவுக்கு ஒரு பைசா போகவில்லை. அப்பாவின் ரிட்டர்னில் அதே வீடு முழுக்கத் தன் சொந்தக் குடியிருப்பு என்று இருந்தது! நான் அந்த ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாதாமாதம் அப்பாவின் கணக்குக்குப் பணம் போகட்டும். ஒரு வாடகை ஒப்பந்தம் இருக்கட்டும். அவரும் அதைத் தன் ரிட்டர்னில் காட்டட்டும். அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. 2,40,000 வாடகையில் 30 சதவீதம் கழிவு போக 1,68,000தான் வருமானம். பென்ஷனோடு சேர்த்தாலும் புதிய முறையில் அவருக்கு வரி வராது. கோவை என்பதால் உங்கள் கணக்கில் பேசிக்கில் 50 அல்ல, 40 சதவீதம். அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவிக்கு வாடகை கொடுக்கிற யோசனையோடு எழுதியிருக்கும் மற்ற இருவருக்கும்: வேண்டாம், வம்பு.

கேள்வி: ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 30,000. ஹெச்.ஆர்.ஏ. என்று தனியாக எதுவும் கிடையாது. வாடகைக்கு விலக்கு உண்டா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: 80ஜிஜி என்று ஒரு பிரிவு உண்டு. அதிகபட்சம் மாதம் 5,000 வரை கழிக்கலாம். 10பிஏ படிவம் தர வேண்டும். அதுவும் பழைய முறையில் மட்டும். ஆனால் உங்கள் சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரியே இல்லை. இதற்காக யாருக்கும் ஃபீஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாத வாடகை 42,000. ஓனர் துபாயில் வேலை. வாடகையை இங்கே அவருடைய வங்கிக் கணக்கில் போடுகிறோம். 50,000-க்கு மேல் இருந்தால்தான் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) என்பதால் எனக்குக் கவலை இல்லைதானே?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: கவலை இருக்கிறது. மாதம் 50,000-க்கு மேல் 2 சதவீதம் என்பது உள்நாட்டில் வசிக்கும் ஓனருக்கு. வரிச் சட்டப்படி அவர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த வரம்பே கிடையாது. பொதுவாக 30 சதவீதமும் செஸ்ஸும், அதாவது 31.2 சதவீதம், வாடகை கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு நீங்கள் டான் நம்பர் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிடித்த வரியைத் தெரிவிக்கும் 27கியூ படிவமும் உண்டு. 42,000-க்கு மாதம் 13,104 ரூபாய். பிடிக்காமல் விட்டால் துறை கேட்கப்போவது அவரை அல்ல, உங்களை.

ஓனருக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். தனக்கு அவ்வளவு வரி வராது என்றால், குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை அவர்தான் வருமான வரித்துறையிடம் விண்ணப்பித்து வாங்கித் தர வேண்டும். அது வரும்வரை முழு விகிதத்தில் பிடியுங்கள். கோபித்துக்கொள்வார். மெயிலைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.