பதில் மட்டும் வேறு மொழியில்

வணக்கம். நாங்கள் வேறு நாட்டில் குடியேறியவர்கள். ஏழு வயது மகளிடம் நம் மொழியில் கேட்டால் எல்லாம் புரிகிறது, பதில் மட்டும் பள்ளி மொழியில். அவளைப் பார்த்து தம்பியும் மாறிவிட்டான். "புரியாத மாதிரி நடியுங்கள், வழிக்கு வருவாள்" என்கிறார்கள் நண்பர்கள். அல்லது வார இறுதி வகுப்பில் சேர்த்தால் போதுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் மொழியை இழந்துவிடவில்லை. புரிகிறதே, அதுவே பாதிக் கிணறு. ஆனால் நீங்களும் கணவரும் உங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள் என்று எழுதவில்லையே? அன்னிக் டி ஹவுவர் என்ற ஆய்வாளர் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இத்தகைய 1,899 குடும்பங்களின் விவரங்களைத் திரட்டி 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய நாலில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் வீட்டு மொழியைப் பேசவே இல்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் அந்த மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் அநேகமாக எல்லோரும் பேசினார்கள். ஆளுக்கொரு மொழி பேசும் முறையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு இவ்வளவு பலன் இல்லை.

நடிப்பு வேண்டாம். அவளுடைய ஆசிரியரிடம் நீங்கள் பள்ளி மொழியில் பேசுவதை அவளே பார்த்திருப்பாள். அவள் சொன்னதை நம் மொழியில் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள்: "உன் தோழி உன்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லையா?" சண்டையும் இல்லை, பேச்சும் அறுபடாது, அவளுக்குத் தேவையான சொல்லும் கைக்கு வந்துவிடும்.

பெரும்பாலும் இது பிடிவாதம் இல்லை, சொல் பற்றாக்குறை. அவளுடைய நாளில் பாதி பள்ளியில் போகிறது. எரிமலை, பின்னம், தோழியோடு போட்ட சண்டை எல்லாம் அவளுக்கு அந்த மொழியில்தான் அறிமுகமாகின்றன. வீட்டிலோ நாம் சாப்பிடு, தூங்கு, பல் தேய் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். (அதையும் கட்டளையாகத்தான் சொல்கிறோம்!) வீட்டுப்பாடத்தை நம் மொழியில் பேசி, பள்ளி மொழியில் எழுதட்டும். எரிமலை ஏன் வெடிக்கிறது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் சொல்லை எடுத்துக்கொடுங்கள், இலக்கணத்தைத் திருத்தாதீர்கள்.

வகுப்பில் சேர்த்துவிடுங்கள், எழுத்து வரும். ஆனால் வாரத்துக்கு ஓரிரு மணி நேரத்தில் பேச்சு வந்துவிடாது. அங்கே நம் மொழி பேசும் ஒரு தோழி கிடைத்தால் அதுதான் பெரிய லாபம்.

அக்காவும் தம்பியும் தங்களுக்குள் என்ன பேசினாலும் விட்டுவிடுங்கள், அது நம் கையில் இல்லை. தம்பியோடு தினமும் கொஞ்ச நேரம் தனியாக இருங்கள். அப்புறம், நம் மொழி மட்டுமே தெரிந்த பெரியவர்கள் உறவில் இருந்தால், வீடியோ அழைப்பில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் இருந்தால் மொழிபெயர்க்காமல் உங்களால் இருக்க முடியாது.